பழைய சின்ன காரில் கிளட்சும் ஃப்ளைவீலும் மாற்றும் முறை

கிளட்ச் மாற்றும் வேலையில் கிளட்சைக் கழற்றி மாட்டுவது அரை மணி நேரத்து வேலை. மீதி நேரமெல்லாம் அதை மறைத்துக்கொண்டு நிற்கும் கியர் பாக்ஸை இறக்கவும் ஏற்றவுமே போகும். அதனால் கியர் பாக்ஸ் கீழே இருக்கும்போது கண்ணில் படுகிற ஒவ்வொரு பழுதையும் அப்போதே தீர்த்துவிட வேண்டும். பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு, அது உரசும் ஃப்ளைவீலின் (இன்ஜின் முனையில் சுற்றும் கனத்த இரும்புச் சக்கரம்) முகத்தையும் அதன் பின்னால் கசியும் ஆயில் சீலையும் அப்படியே விட்டு மூடினால், சில மாதங்களில் அதே கியர் பாக்ஸை மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.

இங்கே சொல்வது முன் சக்கர இழுவை, குறுக்காகப் படுத்த இன்ஜின், ஒற்றை பிளேட் கிளட்ச், கேபிள் பெடல், ஒரே வார்ப்பாக உள்ள ஃப்ளைவீல் என்ற அமைப்புக்கு. பழைய சின்ன கார்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். பின் சக்கர இழுவை வண்டிக்கும் ஹைட்ராலிக் கிளட்சுக்கும் மாறுகிற இடங்களை அந்தந்த இடத்திலேயே குறிப்பிடுகிறோம். போல்ட் இறுக்கும் அளவுகள் வண்டிக்கு வண்டி வேறுபடும். இங்கே தருபவை சாதாரணமாகக் காணும் எல்லைகள்தான்; கடைசி வார்த்தை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலுடையது.

கிளட்ச்தான் போயிருக்கிறதா?

காலியான நேர்ச் சாலையில், டாப் கியரில், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வண்டி வேகம் ஏறாமல் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. ஆனால் அதோடு முடிவு கட்டிவிடாதீர்கள். பானட்டைத் திறந்து கியர் பாக்ஸின் மேல் உள்ள ரிலீஸ் லீவரைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கேபிள் வகையில் அங்கே 2 முதல் 4 மி.மீ. வரை ஆட்டம் இருக்க வேண்டும். பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் குறைந்துகொண்டே வரும். அது பூஜ்ஜியமாகிவிட்டால், பெடலில் கால் வைக்காமலேயே கேபிள் கிளட்சை லேசாக மிதித்துக்கொண்டிருக்கும். அட்ஜஸ்டர் நட்டைத் தளர்த்தி ஆட்டத்தைத் திருப்பிக் கொடுத்ததும் வழுக்கல் நின்றால், பிளேட்டில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது. தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் உள்ள வண்டிகளில் இந்த இடைவெளியே இருக்காது. அங்கே கேபிள் உறைக்குள் சிக்கிக்கொள்ளாமல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று அரைத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். இதற்கு நைந்த கேபிள், ஹைட்ராலிக்கில் காற்று, தேய்ந்த ஃபோர்க் (கிளட்சை விடுவிக்கத் தள்ளும் கவை), வளைந்த பிளேட் எதுவும் காரணமாகலாம். கேபிளின் இரண்டு முனைகளையும், அது ஃபயர் வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவிலுள்ள சுவர்) ஊன்றும் தகட்டையும் முதலில் பாருங்கள். பெடல் மிதிக்கும்போது அந்தத் தகடு வளைகிற வண்டிகள் உண்டு.

சத்தத்தைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. நியூட்ரலில் இன்ஜினை ஓடவிடுங்கள். பெடலை மிதித்ததும் கீச்சென்றோ உறுமலாகவோ சத்தம் எழுந்தால், மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். பெடலை விட்டிருக்கும்போது சத்தம் கேட்டு, மிதித்ததும் அடங்கினால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டு) பேரிங். இரண்டாவதாக இருந்தால் கிளட்ச் செட் மாற்றி எந்தப் பயனும் இல்லை. கியர் பாக்ஸையே திறக்க வேண்டும்.

வண்டி கிளம்பும்போது உதறினால், கிளட்சைக் குற்றம் சொல்வதற்கு முன் இன்ஜின் மவுண்டிங் ரப்பர்களைப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தாலும் அதே உதறல்தான் வரும்.

என்னென்ன வாங்க வேண்டும்

கிளட்ச் பிளேட், அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே செட்டாக வாங்குங்கள். பழைய பிரஷர் பிளேட்டோடு புது பிளேட்டைச் சேர்ப்பது இந்த வேலையில் செய்யக்கூடிய மோசமான சிக்கனம். அதன் டயாஃப்ரம் ஸ்பிரிங் வெப்பத்தில் தளர்ந்திருக்கும். அழுத்தும் முகமும் தட்டையாக இருக்காது.

செட்டோடு சேர்த்து இவற்றையும் வாங்கி வையுங்கள்: கிராங்க் பின்புற ஆயில் சீல், கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல், இரண்டு ஆக்சில் சீல்கள், ஃப்ளைவீல் போல்ட்டுகள், புது கேபிள், ஆக்சில் உள்முனை லாக் வளையங்கள், ஹப் நட்டுகள், கியர் ஆயில் 2 முதல் 3 லிட்டர். ஆயிலின் தரம் மேனுவலில் சொன்னபடியே இருக்கட்டும். பழைய சின்ன கார்களின் கியர் பாக்ஸ் பலவற்றுக்கு ஜிஎல்-4 தரம் சொல்லப்பட்டிருக்கும். பின் சக்கர இழுவை வண்டி என்றால் கிராங்க் முனையில் உட்காரும் பைலட் பேரிங் அல்லது புஷ்ஷும் வேண்டும்.

கருவிகளில் மூன்று கட்டாயம். ஒன்று டார்க் ரெஞ்ச். அடுத்தது பிளேட்டை நடுவில் நிறுத்தும் சென்டரிங் கருவி. பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்று கிடைத்தால் அதைவிடச் சிறந்த கருவி இல்லை. மூன்றாவது ஃப்ளைவீல் சுற்றாமல் அதன் விளிம்பிலுள்ள ரிங் கியர் பல்லில் கடித்துப் பிடிக்கும் பூட்டு. இவற்றோடு தரமான இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, இன்ஜினைத் தாங்க ஒன்றும் கியர் பாக்ஸுக்கு ஒன்றுமாக இரண்டு ஜாக்கி, பிரேக் கிளீனர் ஸ்பிரே இரண்டு டப்பா.

ஒரு எச்சரிக்கை. பழைய வண்டியின் கிளட்ச் பிளேட் லைனிங்கில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருந்திருக்கலாம். பெல் ஹவுசிங்குக்குள் (கிளட்சை மூடியிருக்கும் கியர் பாக்ஸின் வாய்ப்பகுதி) படிந்திருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பிரேக் கிளீனர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். சரியான முகக் கவசமும் அணியுங்கள்.

கியர் பாக்ஸை இறக்குதல்

வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போதே இரண்டு ஹப் நட்டுகளையும் லூஸாக்கிவிடுங்கள். அவை 150 முதல் 250 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கப்பட்டவை. வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது நீளக் குழாய் போட்டு இழுத்தால் வண்டி சரிந்துவிடும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பேட்டரி, அதன் தட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி மூன்றையும் எடுத்துவிட்டால் கியர் பாக்ஸின் மேல் பக்கம் நன்றாகத் திறந்துகொள்ளும். பிறகு கிளட்ச் கேபிள், ஸ்பீடோ மீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் சுவிட்ச் ஒயர், கியர் லிங்கேஜ், எர்த் பட்டை, செல்ஃப் மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். லிங்கேஜில் அட்ஜஸ்ட்மென்ட் கிளாம்ப் இருந்தால், கழற்றும் முன் இரண்டு பாகத்துக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிவிடுங்கள். அந்தக் கோடு இல்லாவிட்டால் கடைசியில் கியர் விழும் இடத்தைத் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

கியர் ஆயிலை வடியுங்கள். ஆனால் வடிகால் பிளக்கைக் கழற்றும் முன், ஆயில் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். அது துருவில் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஆயிலை வடித்துவிட்டால் திரும்ப ஊற்ற வழி இருக்காது. வடிந்த ஆயிலில் பளபளக்கும் நுண்துகள் சகஜம்தான். சில்லு சில்லாக உலோகம் வந்தால் கியர் பாக்ஸையும் கவனிக்க வேண்டும்.

வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரங்களை எடுங்கள். லோயர் பால் ஜாயிண்டைப் பிரித்து, ஹப்பை வெளியே சாய்த்து, ஆக்சிலின் வெளிமுனையை விடுவியுங்கள். உள்முனையை எடுக்கும்போது ஷாஃப்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ஜாயிண்ட் பிரிந்து ரப்பர் உறைக்குள்ளேயே கழன்றுவிடும். கியர் பாக்ஸ் உடலுக்கும் ஜாயிண்டுக்கும் நடுவே லீவரை வைத்து ஒரு நெம்பு நெம்பினால் லாக் வளையம் விட்டுக்கொடுக்கும். சில கியர் பாக்ஸ்களில் இரண்டு ஆக்சிலையும் ஒருசேர எடுத்தால் டிஃபரன்ஷியல் உள்ளே இருக்கும் பக்கவாட்டுக் கியர்கள் சரிந்துவிடும். பழைய ஜாயிண்ட் துண்டோ சரியான கனத்தில் ஒரு கட்டையோ ஒரு துளையில் செருகி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இப்போது இன்ஜினைத் தாங்க வேண்டும். மேலிருந்து குறுக்குக் கம்பியில் தொங்கவிடுவது நல்லது. கீழிருந்து ஜாக்கி கொடுப்பதென்றால் ஆயில் சம்ப்பின் நடுவில் கொடுக்காதீர்கள். தகட்டுச் சம்ப் உள்ளே குழிந்தால், ஆயில் உறிஞ்சும் வடிகட்டியின் வாய் அடைபடும். அகலமான பலகையை வைத்து, சம்ப்பின் விளிம்போரமாகப் பாரம் பரவும்படி தூக்குங்கள்.

கியர் பாக்ஸ் பக்க மவுண்டிங்கைக் கழற்றி, இன்ஜினை அந்தப் பக்கம் சில சென்டிமீட்டர் இறக்குங்கள். அப்போதுதான் கியர் பாக்ஸ் சேசிஸ் கட்டையைத் தாண்டி வர இடம் கிடைக்கும். பெல் ஹவுசிங் போல்ட்டுகளின் நீளம் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஓர் அட்டையில் பெல் ஹவுசிங்கின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டு போல்ட்டைக் குத்தி வையுங்கள். நீளமான போல்ட் குட்டையான துளைக்குள் போனால் அலுமினிய மரை கிழிந்துவிடும்.

கடைசி போல்ட்டை எடுக்கும் முன் கியர் பாக்ஸுக்குக் கீழே ஜாக்கி நிற்கட்டும். சின்ன காரின் கியர் பாக்ஸும் ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். இன்ஜினோடு நேராக நிறுத்தும் இரண்டு டவல் பின்களிலிருந்து அது விடுபட்டதும் நேராகப் பின்னே இழுங்கள். இன்புட் ஷாஃப்ட் பிளேட்டின் நடுத்துளையிலிருந்து முழுசாக வெளியே வரும்வரை எடையை விடவே கூடாது. பாதி வெளியே வந்த நிலையில் தொங்கவிட்டால் அத்தனை பாரமும் பிளேட்டின் ஹப்பில் ஏறும். பழைய பிளேட்டுக்கு அதனால் கவலையில்லை. ஆனால் திரும்ப ஏற்றும்போது இதே தவறு புது பிளேட்டை வளைத்துவிடும்.

பழைய பாகங்களைப் படியுங்கள்

பிரஷர் பிளேட் போல்ட் ஆறையும் எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒன்றை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஸ்பிரிங் அழுத்தம் பிரஷர் பிளேட்டின் கவரைக் கோணலாக்கும். கவர் விடுபடும்போது பிளேட் கீழே நழுவும். ஒரு கையை அங்கே வையுங்கள்.

கழற்றியவற்றைத் தூக்கி எறிய அவசரப்படாதீர்கள். இந்த வண்டியின் கிளட்ச் ஏன் போனது என்பது அவற்றில்தான் எழுதியிருக்கிறது. லைனிங் எல்லா இடத்திலும் சமமாகத் தேய்ந்து, ரிவெட் தலைக்கு மேல் 0.3 மி.மீ. கூட இல்லையென்றால் அது ஆயுள் முடிந்த பிளேட். லைனிங் கனமாக இருந்தும் கருகிப் பளபளத்தால் யாரோ பாதிப் பெடலில் கால் வைத்தே ஓட்டியிருக்கிறார்கள், அல்லது கேபிளில் ஆட்டமே இல்லாமல் இருந்திருக்கிறது. லைனிங் ஈரமாகவும் கறுப்பாகவும் இருந்தால் ஆயில் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். ஃப்ளைவீலின் பின்புறமும் இன்ஜின் பக்கத்துச் சுவரும் நனைந்திருந்தால் கிராங்க் சீல். பெல் ஹவுசிங்கின் உட்புறமும் ரிலீஸ் பேரிங் ஓடும் குழாயின் அடியும் நனைந்திருந்தால் இன்புட் ஷாஃப்ட் சீல். மோந்து பார்த்தாலும் தெரியும்: கியர் ஆயிலில் கந்தக வாடை தூக்கலாக இருக்கும்.

பிரஷர் பிளேட்டின் நடுவை நோக்கி நீளும் டயாஃப்ரம் ஸ்பிரிங் விரல்களின் நுனியைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கத்து விரல்கள் மட்டும் ஆழமாகத் தேய்ந்திருந்தால் ரிலீஸ் பேரிங் நேராக அழுத்தவில்லை. ஃபோர்க்கின் புஷ், அது சாயும் பந்து முனை, பேரிங் ஓடும் குழாய் இந்த மூன்றில் ஒன்று தேய்ந்திருக்கும். அதை மாற்றாமல் புது கிளட்ச் போட்டால் பெடல் துடிக்கும். பேரிங்கும் சீக்கிரம் கத்தத் தொடங்கும்.

ஃப்ளைவீல்: கடைவதா, மாற்றுவதா?

ஃப்ளைவீல் முகத்தில் விரலை மையத்திலிருந்து விளிம்பு நோக்கி இழுத்துப் பாருங்கள். நகத்தில் தட்டும் பள்ளம் இருந்தால் அப்படியே விடக் கூடாது. நீலமாகவோ கறுப்பாகவோ பொட்டுப் பொட்டாக நிற்கும் இடங்கள் வெப்பத்தில் கெட்டிப்பட்ட இரும்பு. இவைதான் கிளம்பும்போது வரும் உதறலுக்குப் பெரிய காரணம். லேத்தில் கடைந்தால் டூல் இந்தப் பொட்டுகளின் மேல் ஏறித் தாண்டிவிடும். சுற்றியுள்ள மெத்தென்ற இரும்பு மட்டும் குறையும், பொட்டு மேடாகவே நிற்கும். அதனால் கல்லில் அரைக்கும் சர்ஃபேஸ் கிரைண்டரில் கொடுப்பதே சரி. கெட்டிப்பட்ட பகுதி ஆழமாக இறங்கியிருந்தால் அரைத்த பிறகும் பொட்டு தெரியும், அப்போது மாற்றிவிடுங்கள்.

மயிரிழை போன்ற மேலோட்டமான வெடிப்புகள் அரைத்தால் போய்விடும். போல்ட் துளையையோ விளிம்பையோ எட்டும் வெடிப்பு ஒன்று இருந்தாலும் அந்த ஃப்ளைவீல் இரும்புக் கடைக்குத்தான் போக வேண்டும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் உடையும் வார்ப்பிரும்பு பெல் ஹவுசிங்கையும் கிழித்துக்கொண்டு வரும்.

அரைக்கக் கொடுக்கும்போது ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பல ஃப்ளைவீல்களில் பிளேட் உரசும் முகமும் பிரஷர் பிளேட் கவர் உட்காரும் முகமும் ஒரே மட்டத்தில் இருக்காது. ஒரு படி இருக்கும். உரசும் முகத்தில் 0.4 மி.மீ. எடுத்தால் கவர் முகத்திலும் அதே 0.4 எடுக்க வேண்டும். உரசும் முகத்தை மட்டும் அரைத்தால் பிளேட் அந்த அளவுக்கு உள்ளே போய்விடும். பிரஷர் பிளேட் அதை அழுத்தும் வலு குறையும். புது கிளட்ச் முதல் ஏற்றத்திலேயே வழுக்குவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. எவ்வளவு வரை எடுக்கலாம், மிச்சக் கனம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை மேனுவலில் பார்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

ரிங் கியர் பற்களையும் சுற்றிப் பாருங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜினை நிறுத்தும்போது அது கம்ப்ரெஷனில் முட்டி, ஏறத்தாழ எதிரெதிரான இரண்டே இடங்களில்தான் நிற்கும். செல்ஃப் மோட்டார் பினியன் எப்போதும் அங்கேதான் கடிக்கும் என்பதால் பற்கள் இரண்டு இடத்தில் மட்டும் அதிகமாக நைந்திருக்கும். ரிங் கியர் தனியாகக் கிடைத்தால் பழையதை இரண்டு பல்லுக்கு இடையே துளையிட்டு உளியால் வெட்டி எடுத்து, புதியதை அடுப்பில் 200 டிகிரிக்குச் சற்று மேல் சூடாக்கிப் போடலாம். சாய்வாகச் சீவிய பல் முனை பினியன் வரும் பக்கம் இருக்க வேண்டும்.

புது ஃப்ளைவீல் வாங்கினால் பழையதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பல் எண்ணிக்கை, போல்ட் துளைகள், படியின் ஆழம், இக்னிஷன் டைமிங் குறி நான்கும் ஒத்திருக்க வேண்டும். கிராங்க் சென்சார் உள்ள வண்டியில் ஃப்ளைவீலிலேயே சென்சாருக்கான பற்களும், இடையில் ஒரு வெற்றிடமும் இருக்கும். அது வேறு மாதிரி இருந்தால் இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகாது. டீசல் சின்ன கார்கள் சிலவற்றில் இரண்டு பாகமாக, நடுவில் ஸ்பிரிங் வைத்த ஃப்ளைவீல் வரும். அதைச் சாதாரண ஃப்ளைவீல் போல அரைக்கக் கொடுக்காதீர்கள். ஆட்டம் மேனுவல் எல்லையைத் தாண்டினாலோ உள்ளிருந்து கிரீஸ் வழிந்திருந்தாலோ மாற்றுவதுதான் வழி.

ஃப்ளைவீலைக் கழற்றுவதும் ஆயில் சீலும்

ரிங் கியரில் பூட்டைப் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராகக் கழற்றுங்கள். கடைசி போல்ட்டை நாலைந்து மரை கடித்த நிலையில் விட்டு வையுங்கள். ஃப்ளைவீலை ஆட்டி விடுவித்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்ட பிறகு உதவியாளர் அந்தப் போல்ட்டை எடுக்கட்டும். 6 முதல் 8 கிலோ இரும்பு, சுற்றிலும் கூரான பல்; கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

பின்புறச் சீல் கசியாமல் இருந்தாலும் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். சின்ன செலவுள்ள இந்த ரப்பர் வளையம் பிறகு கசிந்தால் புது கிளட்சையே கெடுத்துவிடும். எடுக்கும் முன், சீல் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சீலின் தகட்டு முகத்தில் சின்னத் துளை போட்டு, ஒரு திருகாணியை ஏற்றி, அதைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். ஸ்குரூ டிரைவரால் கிராங்க் மேல் ஊன்றி நெம்பினால் கிராங்கில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியாக எந்தச் சீல் போட்டாலும் ஆயில் வரும்.

பழைய சீலின் உதடு கிராங்கில் ஒரு வளையத் தடம் போட்டிருந்தால், புது சீலை 1 மி.மீ. முன்னோ பின்னோ உட்கார வைத்து, உதடு புது இடத்தில் ஓடும்படி செய்யலாம். அதற்குச் சீல் உட்காரும் குழியில் இடம் இருக்க வேண்டும். சாதாரண ரப்பர் உதட்டுக்கு இன்ஜின் ஆயில் தடவிப் போடுங்கள். வெள்ளையாகவோ பழுப்பாகவோ இருக்கும் டெஃப்லான் உதடு என்றால் ஆயில் தொடாமல், உலர்ந்த கிராங்கில் போட வேண்டும். அதோடு வரும் பிளாஸ்டிக் வழிகாட்டி வளையத்தைக் கடைசி நிமிடம்வரை எடுக்காதீர்கள்.

கிராங்க் முகத்தையும் ஃப்ளைவீலின் பின்முகத்தையும் துருவோ தூசியோ இல்லாமல் துடையுங்கள். நடுவில் சிக்கும் ஒரு மண் துகள் விளிம்பில் பெரிய ஆட்டமாகத் தெரியும். துளைகளின் அமைப்பு ஒரே நிலையில்தான் பொருந்தும்படி பல வண்டிகளில் இருக்கும். பொருந்தாவிட்டால் சுற்றிப் பாருங்கள், தட்டாதீர்கள். ஃப்ளைவீல் போல்ட் துளைகள் சில இன்ஜின்களில் கிராங்கைத் துளைத்து உள்ளே ஆயில் இருக்கும் இடம்வரை போகும். அங்கே மரையில் பூட்டுப் பசை தடவாவிட்டால் மரை வழியாகவே ஆயில் ஊறி, சீல்தான் கசிகிறது என்று தோன்றும். புது போல்ட்டில் பசை முன்கூட்டியே பூசி வந்திருந்தால் மேலும் தடவ வேண்டாம்.

இறுக்கும்போது எதிரெதிராக, மூன்று தவணையில். பழைய சின்ன இன்ஜின்களில் பொதுவாக 60 முதல் 90 நியூட்டன் மீட்டர் வரை வரும். சிலவற்றில் குறைந்த அளவுக்கு இறுக்கிவிட்டு, பிறகு டிகிரி கணக்கில் திருப்பச் சொல்வார்கள். அவை நீளும் வகைப் போல்ட். ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது.

முகத்தின் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இருந்தால் அடிப்பாகத்தை இன்ஜின் பிளாக்கில் நிறுத்தி, ஊசியை உரசும் முகத்தின் விளிம்போரம் வைத்து, கிராங்கை ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்தபடி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அழுத்திப் பிடிக்காவிட்டால் கிராங்கின் முன்பின் ஆட்டமும் ஊசியில் சேர்ந்து தெரியும். மேனுவலில் எல்லை 0.1 அல்லது 0.2 மி.மீ. என்று இருக்கும்.

கிளட்ச் மாட்டுதல்

புது பிரஷர் பிளேட்டிலும் ஃப்ளைவீலிலும் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் கழுவி, வெள்ளைத் துணியில் கறை வராதவரை துடையுங்கள். அதன் பிறகு உரசும் முகங்களையும் லைனிங்கையும் சுத்தமான கையால்கூடத் தொட வேண்டாம், விளிம்பைப் பிடியுங்கள்.

பிளேட்டை ஃப்ளைவீலில் வைக்கும் முன், கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்டில் ஒருமுறை செருகிப் பாருங்கள். பிடிக்காமல் நழுவ வேண்டும். இதைச் செய்தால் தவறான பிளேட் வந்திருப்பதும் இப்போதே தெரிந்துவிடும். ஷாஃப்டின் பள்ளங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கிளட்சுக்கான உயர் வெப்ப கிரீஸைக் கடுகளவு எடுத்துத் தடவுங்கள். பிளேட்டை முன்னும் பின்னும் ஓட்டி, வெளியே பிதுங்கியதை முழுக்கத் துடையுங்கள். மிஞ்சிய கிரீஸ் சுற்றும் வேகத்தில் சிதறி லைனிங்கில்தான் போய் விழும். நிக்கல் பூசிய ஹப்புக்கு கிரீஸ் தேவையில்லை. பிளாஸ்டிக் உறை கொண்ட ரிலீஸ் பேரிங்கும் குழாயில் உலர்ந்தே ஓட வேண்டும்.

பிளேட்டுக்கு முகம் உண்டு. ஃப்ளைவீல் பக்கம் அல்லது கியர் பாக்ஸ் பக்கம் என்று அதிலேயே பொறித்திருக்கும். பெரும்பாலும் ஸ்பிரிங்குகள் துருத்தும் பக்கம் கியர் பாக்ஸைப் பார்க்கும். திருப்பிப் போட்டால் ஹப் ஃப்ளைவீல் போல்ட் தலைகளில் உரசும், கிளட்ச் விடுபடாது.

சென்டரிங் கருவியைச் செருகி, கவரை டவல் பின்களில் உட்கார வைத்து, ஆறு போல்ட்டையும் கையால் ஏற்றுங்கள். பிறகு எதிரெதிராக, ஒன்றிரண்டு சுற்றாக இறுக்குங்கள். விரல்கள் மெதுவாகத் தட்டையாவது கண்ணுக்குத் தெரியும். 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வழக்கம். இறுக்கி முடித்ததும் கருவி தடையில்லாமல் வெளியே வந்து, மறுபடி உள்ளே போக வேண்டும். இழுக்க வேண்டியிருந்தால் பிளேட் நடுவில் இல்லை. கவரைத் தளர்த்தித் திரும்பச் செய்யுங்கள். இங்கே செலவிடும் 5 நிமிடம், 30 கிலோ கியர் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு போராடும் நேரத்தை மிச்சமாக்கும்.

கியர் பாக்ஸ் பக்கம் இன்புட் சீல், புது ரிலீஸ் பேரிங், தேய்ந்திருந்தால் ஃபோர்க் புஷ். ஃபோர்க்கின் சாய்முனையில் மட்டும் கொஞ்சம் கிரீஸ். பேரிங் கிளிப்புகள் ஃபோர்க்கில் சரியாகக் கடித்திருக்கின்றனவா என்று ஆட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

திரும்ப ஏற்றுதல்

இரண்டு டவல் பின்களும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கழற்றும்போது ஒன்று கியர் பாக்ஸோடு போய்விடுவதுண்டு. கியர் பாக்ஸை ஏதாவது ஒரு கியரில் போட்டு, ஜாக்கியில் இன்ஜினின் சாய்வுக்கு ஏற்பச் சாய்த்து, நேராக உள்ளே தள்ளுங்கள். ஷாஃப்ட் பள்ளத்தில் விழாவிட்டால் ஆக்சில் துளை வழியாக ஷாஃப்டைத் திருப்பியோ, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் மெல்லத் திருப்பியோ பொருத்துங்கள்.

இடைவெளி ஒரு விரல் கனத்துக்கு நிற்கும்போது, போல்ட் போட்டு இழுத்துவிடலாம் என்ற ஆசை வரும். செய்யாதீர்கள். பெல் ஹவுசிங்கின் காது உடையும் அல்லது பிளேட் ஹப் நசுங்கும். சாய்வைச் சரிசெய்யுங்கள், நடுவே ஒயர் எதுவும் மாட்டியிருக்கிறதா என்று சுற்றிலும் பாருங்கள். கையால் தள்ளியே இரண்டு முகமும் ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகுதான் போல்ட்.

மவுண்டிங், செல்ஃப் மோட்டார், லிங்கேஜ், புது லாக் வளையத்தோடு ஆக்சில்கள், பால் ஜாயிண்ட் என்று கழற்றிய வரிசைக்கு எதிராக மாட்டுங்கள். ஆக்சில் உள்முனை டக்கென்று கடிக்க வேண்டும். பிறகு ஜாயிண்ட் உடலைப் பிடித்து இழுத்துச் சோதியுங்கள். எர்த் பட்டையை மறந்தால் செல்ஃப் அடிக்கும்போது மின்சாரம் வேறு வழி தேடி கிளட்ச் கேபிள் அல்லது ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாக ஓடும். புகை வந்து கேபிள் உருகும்.

கியர் ஆயிலை நிரப்பு துளையின் விளிம்பு வழியும்வரை, வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஊற்றுங்கள். ஊற்றும்வரை ஸ்டியரிங்கில் ஓர் அட்டைக் குறிப்பு தொங்கட்டும். ஹப் நட்டைச் சக்கரம் தரையில் ஊன்றிய பிறகு முழு அளவுக்கு இறுக்கி, பூட்டுங்கள்.

சரிபார்த்தலும், குறை வந்தால் எங்கே பார்ப்பதும்

கேபிளில் மேனுவல் சொன்ன ஆட்டத்தை வையுங்கள். பெடலில் அது பொதுவாக 10 முதல் 25 மி.மீ. வரை தெரியும். ஹைட்ராலிக் என்றால் சொன்ன தரத்து பிரேக் ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்றுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் பெடலை இருபது முப்பது தடவை மிதித்து விடுங்கள். முன் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி, கியரில் போட்டு, ஒருவர் பெடலை மிதிக்க மற்றவர் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றினால் கிளட்ச் விடுபடுகிறது. பிறகு இறக்கி ஸ்டார்ட் செய்து, பெடலை மிதித்து 3 விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும்.

ரிவர்ஸ் அரைத்தால் முதலில் கேபிள் ஆட்டத்தைக் குறையுங்கள், ஹைட்ராலிக்கில் மீண்டும் காற்றெடுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் பிளேட் வளைந்தோ திரும்பியோ இருக்கும். வழுக்கினால் கேபிள் இறுக்கம், ஃப்ளைவீல் படி அளவு, கிரீஸ் பட்ட லைனிங் என்ற வரிசையில் பாருங்கள். முதல் சில கிலோமீட்டரில் லேசான உதறல் இருந்தால் அது புது லைனிங் முகம் பொருந்தும்வரைதான். குறையாமல் கூடிக்கொண்டே போனால் முகத்தில் எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது பழைய ஃப்ளைவீலின் பொட்டுகள் அப்படியே இருக்கின்றன. பெல் ஹவுசிங்கின் அடியில் உள்ள சிறு துளையைச் சில நாள் கழித்துப் பாருங்கள்; அங்கே ஆயில் சொட்டு தெரிந்தால் ஒரு சீல் சரியாக உட்காரவில்லை.

முதல் 500 கி.மீ.க்குக் கிளட்சைச் சுடவிடாதீர்கள். பாதிப் பெடலில் ஏற்றத்தில் நிறுத்திவைப்பது, ரேஸ் கொடுத்துக் கிளம்புவது, பாரம் இழுப்பது எதுவும் வேண்டாம். ஆரம்பத்தில் சொன்ன வழுக்கல் சோதனையையும் இந்தத் தூரம் முடிந்த பிறகே செய்யுங்கள். கேபிள் புதிதாகையால் கொஞ்சம் நீண்டும், லைனிங் படிந்தும் ஆட்டம் மாறியிருக்கும். 500 கி.மீ. முடிந்ததும் ரிலீஸ் லீவரை மறுபடி கையால் ஆட்டி அளந்து, நட்டைத் திருப்பி, லாக் நட்டை இறுக்கிவிடுங்கள்.